பொம்மைப் போர்க்கப்பலும் விகிதத்தின் வரலாறும்

பம்பாய்க் கப்பல்கட்டுத் தளம் பற்றி இளநிலை மாணவர்களுக்கு ஓர் உரை நிகழ்த்த வேண்டியிருந்தது. படங்களோடு கையில் எடுத்துக் காட்டத்தக்க ஒரு பொருளும் இருந்தால் நன்றாயிருக்கும் என்று எண்ணி, வீட்டிலிருந்த லெகோ வகைக் கட்டைகளைக் கொண்டு ஒரு சிறிய பாய்மரப் போர்க்கப்பலைக் கட்டினேன். மூன்று பாய்மரங்கள், பக்கத்துக்கு ஐந்து பீரங்கிகள், பின்புறம் கோபுரம்போல் உயர்ந்த மாளிகை. பார்ப்பவர் எவரும் ‘போர்க்கப்பல்’ என்று உடனே சொல்லிவிடுவர். விடுமுறைக்கு வந்திருந்த அக்காள் மகள் அதைச் சற்று நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உண்மைக் கப்பலில் சுமார் முந்நூறு பேர் இருந்தனர் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். “மாமா, இந்தத் தொட்டிக்குள்ள முந்நூறு பேர் எங்க படுத்துத் தூங்குவாங்க?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்க் கப்பலை மூன்று முறை பிரித்துக் கட்டினேன். அதன் வழியாக நான் கற்றுக்கொண்ட ஒன்றைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன். ஒரு கப்பலின் நீள அகல விகிதம் அழகு சார்ந்த செய்தி மட்டுமன்று. அது காலத்தைக் காட்டும் சான்று. கல்வெட்டின் எழுத்தமைதியைக் கொண்டு அதன் நூற்றாண்டை மதிப்பிடுவதுபோல, கப்பலின் விகிதத்தைக் கொண்டும் அது எந்த உலகத்தைச் சேர்ந்தது என்று ஓரளவு சொல்ல இயலும்.

நான் மாதிரியாகக் கொண்டது ‘டிரிங்கோமலி’ என்னும் ஃபிரிகேட் வகைக் கப்பல். திருகோணமலையின் ஆங்கில வடிவமே அதன் பெயர். பிரிட்டிஷ் கடற்படைக்காகப் பம்பாயில் வாடியா குடும்பத்துத் தலைமைக் கட்டுநர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜியின் பொறுப்பில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு, 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கப்பட்டது. இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் அருங்காட்சியகக் கப்பலாக இருக்கிறது. பிரிட்டனில் இன்றும் நீரில் மிதக்கும் போர்க்கப்பல்களுள் மிகப் பழமையானது இதுவே. பீரங்கித் தளத்தில் இதன் நீளம் ஏறத்தாழ 150 அடி, அகலம் ஏறத்தாழ 40 அடி. விகிதம் 3.75. என் பொம்மையோ 20 குமிழ் நீளமும் 8 குமிழ் அகலமும் கொண்டது. விகிதம் 2.5. குழந்தை அதைத் தொட்டி என்றதில் பிழையில்லை.

இந்த 2.5 எங்கிருந்து வந்தது? பதினைந்தாம் நூற்றாண்டு ஐபீரியக் கப்பல் கட்டுநர்களிடம் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்றொரு வாய்பாடு வழங்கியது. அகலம் ஒன்றானால் அடிமரமாகிய ஏரா இரண்டு, தளத்தின் நீளம் மூன்று. சரக்கை வயிற்றில் சுமக்கும் உருண்டையான ‘நாவோ’ வகைக் கப்பல்களுக்கு அந்த விகிதம் பொருந்தியது. கட்டலோனியாவின் மாட்டரோ ஊரைச் சேர்ந்ததாகக் கூறப்பட்டு, இப்போது ரோட்டர்டாம் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ள அக்காலத்து நேர்த்திக்கடன் கப்பலுருவைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குட்டையான, பருத்த வடிவம் நினைவிருக்கும். அடுக்கடுக்காகப் பின்புறம் உயரும் மாளிகையோ பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுக் ‘கேலியன்’ கப்பல்களுக்கு உரியது. பக்கவாட்டில் வரிசையாகப் பீரங்கிகளையும் மூன்று பாய்மரங்களில் சதுரப் பாய்களையும் நான் வைத்திருந்தது 1817ஐ மனத்தில் கொண்டு. ஆக, என் மேசைமேல் நின்ற பொம்மை நான்கு நூற்றாண்டுகளை ஒரே உடலில் சேர்த்துத் தைத்த உருவம். நம் பாடநூல்களின் ஓரங்களில் வரையப்படும் ‘பழங்காலக் கப்பல்’ படங்களும் பெரும்பாலும் இத்தகையவையே. வாஸ்கோ ட காமா முதல் நெல்சன் வரை எல்லோரும் ஒரே கப்பலில் வந்ததாகவே மாணவர் மனத்தில் பதிகிறது.

குறுக்கம் இன்றைய பொம்மைக்கு மட்டும் நேர்ந்ததன்று. சாதவாகனர் வெளியிட்ட ஈயக் காசுகளில் இரண்டு பாய்மரக் கப்பல் ஒன்று பொறிக்கப்பட்டிருப்பதை நாமறிவோம். காசு வட்டமானது, ஆதலால் கப்பல் அதற்குள் அடங்கச் சுருங்கியது. ஐரோப்பியத் துறைமுக நகரங்களின் முத்திரைகளிலும் இதே நிலை. போரோபுதூர் புடைப்புச் சிற்பங்களில் கப்பலைவிட மனிதர் பெரியவராய்த் தெரிகின்றனர். சிற்பிக்கு அங்கே கதை முதன்மை, கப்பல் அதன் களம். சட்டகம் எதுவோ அதற்கேற்பவே விகிதம் வளைகிறது. ஆகவே பழைய உருவம் ஒன்றிலிருந்து அளவுகளை எடுக்கும் ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டியது, ‘இந்த உருவத்தைச் சுருக்கிய சட்டகம் எது?’ என்பதே.

பொம்மைக் கப்பலின் சட்டகம் அதில் நிற்கும் குட்டி மனிதன். 1978இல் அறிமுகமான லெகோ உருவம் ஏறத்தாழ 40 மி.மீ. உயரம் உடையது. அதை ஐந்தரை அடி மனிதனாகக் கொண்டால் அளவுமாற்றம் 1:42. அந்த அளவில் டிரிங்கோமலியின் பீரங்கித் தளம் ஒரு மீட்டரைத் தாண்டும், 8 மி.மீ. இடைவெளியுள்ள குமிழ்களில் எண்ணினால் ஏறத்தாழ 136. எந்த வீட்டு மேசையும் தாங்காது. அதனால் பொம்மை செய்பவர்கள் மனிதனைக் காப்பாற்றிக் கப்பலை வெட்டுகிறார்கள். விளையாட்டுக்கு அது சரி. அந்த மனித உருவமே உயரத்துக்குப் பொருந்தாத அகலம் உடையது. தோளை வைத்து அளந்தால் ஓர் அளவும், தலையை வைத்து அளந்தால் வேறோர் அளவும் கிடைக்கும். கோணலான கோலைக் கொண்டு நேரான சுவர் எழுப்ப இயலாது. எனவே முதல் முடிவு: மனிதனைக் கப்பலிலிருந்து இறக்கிவிடுவது.

அவனுக்குப் பதிலாக எதை அலகாகக் கொள்வது? பீரங்கி வாயில்களைக் கொண்டேன். இவ்வகைக் கப்பலின் பீரங்கித் தளத்தில் பதினெட்டு இராத்தல் பீரங்கிகள் 28 இருந்தன; பக்கத்துக்கு 14. ஒவ்வொன்றுக்கும் பின்னே சுட்டதும் பின்வாங்க இடம் வேண்டும். இருபுறமும் ஆட்கள் நிற்க வேண்டும். 150 அடியில் 14 வாயில்களைப் பரப்பினால் நடுவுக்கு நடு ஏறத்தாழ 10 அடி. அந்தப் பத்தடியை இரண்டு குமிழாகக் கொண்டேன். ஒரு குமிழ் ஐந்தடி. உடனே எல்லாம் தம் இடத்தில் அமர்ந்தன: 150 அடிக்கு 30 குமிழ், 40 அடிக்கு 8 குமிழ். அளவுமாற்றம் ஏறத்தாழ 1:190. முதற்கப்பலின் அகலம் சரியாகவே இருந்தது. நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு விடுபட்டிருந்தது. அந்த மூன்றில் ஒரு பங்கில்தான் விடுபட்ட பீரங்கிகளும் முந்நூறு பேரின் படுக்கையும் இருந்தன. கப்பல் நீண்டதன் காரணமும் இதில் விளங்கும். பக்கவாட்டில் சுடும் போர்முறை நிலைபெற்ற பின் கப்பலின் வலிமை அதன் நீளத்தில் தங்கியது. பாய்மரப் போர்க்கப்பலின் விகிதம் அதன் போர்முறையின் நிழல். டிரிங்கோமலிக்குச் சற்று முந்திய அமெரிக்கக் ‘கான்ஸ்டிடியூஷன்’ கப்பல் 175 அடி நீளமும் 43½ அடி அகலமும் கொண்டு நான்கு மடங்கைத் தாண்டியது.

அடுத்தது உயரம். இங்கேதான் நான் பெரிய பிழை செய்திருந்தேன். கட்டையின் குமிழ் இடைவெளி 8 மி.மீ.; கட்டையின் உயரமோ 9.6 மி.மீ. கிடையாக எண்ணும்போதும் நெடுக்காக எண்ணும்போதும் ‘ஒன்று’ என்பது ஒன்றல்ல. ஒரு கட்டையை ஒரு குமிழுக்குச் சமமாகக் கொண்டவன் உயரத்தை ஐந்தில் ஒரு பங்கு மிகையாக்குவான். ஸ்டாக்ஹோம் துறையில் 1628 ஆகஸ்ட் 10 அன்று முதற்பயணத்திலேயே ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் கவிழ்ந்து மூழ்கிய ‘வாசா’ என்னும் போர்க்கப்பல் இங்கே நினைவுக்கு வருகிறது. 1961இல் மேலே எடுக்கப்பட்ட அக்கப்பலில் தச்சர்களின் அடிக்கோல்கள் கிடைத்தன. சில 12 அங்குலம் கொண்ட சுவீடன் அடி. சில 11 அங்குலம் கொண்ட ஆம்ஸ்டர்டாம் அடி. வெவ்வேறு கோல் பிடித்த கைகள் ஒரே கப்பலைக் கட்டியிருக்கின்றன. அதன் இருபக்கங்களும் ஒத்த கனமுடையன அல்ல என்பதையும் ஆய்வாளர் அளந்து காட்டினர். கப்பல் கவிழ்ந்ததற்கு முதற்காரணம் நீர்மட்டத்துக்கு மேலே மிகுந்த பளு. அடிக்கோல்களின் மேல் முழுப் பழியையும் சுமத்த இயலாது. ஆயினும் இரண்டு அளவைகள் ஓரிடத்தில் அமைதியாக உடனிருந்து வேலை செய்யும் ஆபத்தை அவை காட்டுகின்றன.

நான் தேர்ந்த அளவுமாற்றத்தில் ஒரு நற்பேறும் இருந்தது. ஒரு குமிழ் ஐந்தடியானால் ஒரு கட்டையின் உயரம் சரியாக ஆறடி. கட்டையில் மூன்றில் ஒரு பங்கான தகடு இரண்டடி. ஒரு தளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ ஆள் உயரம் என்பதால் தளத்துக்கு ஒரு கட்டை போதும். முதலில் நான் பின்புறத்தில் வைத்திருந்த நான்கு கட்டை மாளிகை, கணக்குப்படி இருபத்துநான்கு அடி! பத்தொன்பதாம் நூற்றாண்டு ஃபிரிகேட் ஒன்றில் பின்தளம் பீரங்கித் தளத்திலிருந்து ஓர் அடுக்கே உயர்ந்தது. மூன்று கட்டைகளை எடுத்தெறிந்தேன். உயரம் குறைந்த அக்கணமே கப்பல் நீண்டுவிட்டதுபோல் தோன்றியது.

அணியம் என்று நம் கடலோடிகள் அழைக்கும் முன்பகுதியையும் அமரம் எனப்படும் பின்பகுதியையும் நான் ஒன்றுபோலக் கூராக்கியிருந்தேன். ஆங்கிலக் கட்டுநர்களின் பழமொழிப்படி நல்ல கப்பலுக்குக் காட் மீனின் தலையும் கானாங்கெளுத்தியின் வாலும் வேண்டும். முன்னே பருமன், நீருக்குள் பின்னே மெல்ல ஒடுங்கல். மிகுந்த அகலம் நடுவுக்குச் சற்று முன்னேயே வரும். ஆகவே அணியத்தில் நான்கு குமிழுக்குள் முழு அகலத்தை எட்டவிட்டு, அமரத்தை நோக்கி எட்டிலிருந்து ஆறாக நிதானமாகக் குறைத்தேன். மேலே செல்லச் செல்லக் கப்பலின் பக்கங்கள் உட்சாய்வதை மட்டும் சதுரக் கட்டைகளால் காட்ட இயலவில்லை, அதை விட்டுவிட்டேன்.

பாய்மரங்களுக்கு அக்காலக் கையேடுகளே வழிகாட்டின. டேவிட் ஸ்டீல் 1794இல் வெளியிட்ட நூலைப் போன்றவற்றில் காணும் மரபு இது: தளத்தின் நீளத்தையும் கப்பலின் அகலத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் நடுப்பாய்மரத்தின் அடிக்கம்பம். 150உம் 40உம் 190. பாதி 95 அடி. முன்பாய்மரம் அதில் ஒன்பதில் எட்டுப் பங்கு. அடிக்கம்பத்தின் மேல் ஏறும் இரண்டாம் கம்பம் ஐந்தில் மூன்று பங்கு. மூன்றாம் கம்பம் இரண்டாவதில் பாதி. பாய் தொங்கும் குறுக்குக் கம்பமாகிய பருமல், நடுப்பாய்மரத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கு, அதாவது ஏறத்தாழ 84 அடி. இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். கப்பலின் அகலம் 40 அடி. பருமல் அதைப் போல் இரு மடங்குக்கும் மேல். என் முதற்கப்பலில் பருமல்கள் கப்பலின் அகலத்தோடு நின்றிருந்தன. அதனால்தான் அது சிறகொடிந்த பறவைபோல் இருந்தது. 64 மி.மீ. அகலக் கப்பலின் மேல் 135 மி.மீ. பருமலை ஏற்றிய பிறகே அது காற்றைப் பிடிக்கும் பொறியாகத் தெரிந்தது. கம்பத்தின் தடிமனோ இந்த அளவில் 4 மி.மீ. அளவே வரும். ஒரு குமிழ் அகல உருளைக் கட்டைகளை அடுக்கி நான் எழுப்பியிருந்த பாய்மரம் இருமடங்கு பருமன். மெல்லிய பிளாஸ்டிக் கோலே உண்மைக்கு நெருக்கம்.

இங்கே நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். இத்தனை வாய்பாடுகளும் கையேட்டில் இருந்தன என்றால், பம்பாய் ஓடாவிகளுக்கு இதில் என்ன பங்கு?

டிரிங்கோமலியின் வடிவம் பம்பாயில் பிறந்ததன்று, இலண்டனில் பிறந்ததுமன்று. பிரெஞ்சு வடிவமைப்பாளர் சானே வரைந்த ‘ஹீப்’ என்னும் கப்பலை ஆங்கிலேயர் 1782இல் கைப்பற்றினர். அதன் உடலை அளந்து வரைபடமாக்கினர். அவ்வரைபடத்திலிருந்து ‘லீடா’ வகுப்புக் கப்பல்கள் பிறந்தன. அவ்வகுப்பின் வரைபடம் பம்பாய்க்கு ‘ஜாவா’ என்ற கப்பலில் அனுப்பப்பட்டது. 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால், மேலே குறிப்பிட்ட அதே ‘கான்ஸ்டிடியூஷன்’ ஜாவாவை வென்று அழித்தது, வரைபடமும் போயிற்று. மீண்டும் ஒரு படி அனுப்ப வேண்டியதாயிற்று. பகைவரிடமிருந்து பெற்று, மற்றொரு பகைவரிடம் இழந்து, இறுதியில் பம்பாய் வந்து சேர்ந்தது ஒரு விகிதம்.

தாளில் வந்தது விகிதம் மட்டுமே. ஓக் மரத்துக்கென எண்ணிய உருவைத் தேக்கில் வார்க்க வேண்டியவர்கள் இங்கிருந்தவர்கள். எந்த வளைவுக்கு எந்தக் கிளை, எந்தப் பலகைக்கு எந்த அடிமரம் என்பது வரைபடத்தில் இராது. வாடியா குடும்பத்துத் தலைமைக் கட்டுநர்களுக்குக் கம்பெனி வெள்ளியாலான அடிக்கோலைப் பரிசளித்திருக்கிறது. அளக்கும் கைக்குத் தரப்பட்ட மதிப்பு அது. அந்தக் கோலின் கீழ் வேலை செய்த நூற்றுக்கணக்கான தச்சர்களுக்கு அத்தகைய நினைவுப்பொருள் எதுவும் எஞ்சவில்லை. மரத்தின் கதை இன்னும் கசப்பானது. பம்பாய்த் தளத்துக்குத் தேக்கு திரட்டுவதற்காக 1806இல் வாட்சன் என்ற காப்டன் மலபாரில் வனக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். அதனால் ஏற்பட்ட ஏகபோகம் அப்பகுதி நிலவுடைமையாளர், மர வணிகர் ஆகியோரின் எதிர்ப்பைப் பெருக்கியது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்ரோ காலத்தில், 1823இல்தான் அது கைவிடப்பட்டது. 150 அடிக்கு 40 அடி என்று நாம் எளிதாக எழுதும் எண்ணின் பின்னே ஒரு காடு நிற்கிறது.

நம் மரபு நூல்களில் விகிதம் உண்டா என்று மாணவர்கள் கேட்பது வழக்கம். உண்டு. போஜனின் பெயரால் வழங்கும் ‘யுக்திகல்பதரு’ கப்பல்களைப் பெயரிட்டு வகைப்படுத்துகிறது. ராதாகுமுத முகர்ஜி 1912இல் வெளியிட்ட நூலால் அது பரவலாக அறியப்பட்டது. அதன் ‘தீர்க்க’ வகையில் நீளத்தில் எட்டில் ஒரு பங்கு அகலம். பத்தில் ஒரு பங்கு உயரம். சிறியது முதல் பெரியது வரை எல்லாவற்றுக்கும் இதே கணக்கு, நீளம் மட்டும் பதினாறு பதினாறு முழமாகக் கூடிச் செல்கிறது. என் பொம்மையை இப்படிக் கட்டினால் 8 குமிழ் அகலத்துக்கு 64 குமிழ் நீளம் வேண்டும். அது ஆற்றில் துடுப்பிட்டுச் செல்லும் ஓடமாகலாம், மூன்று பாய்மரங்களைத் தாங்கும் கடற்கலமாகாது. கப்பல் பெருக்கும்போது விகிதம் மாறாமலே இருப்பதும் பட்டறையின் இயல்பன்று. அது வகைப்படுத்தும் புலவரின் ஒழுங்கு. தமிழிலும் ‘கப்பல் சாத்திரம்’ என்ற நூல் அச்சேறியுள்ளது. அதில் அளவோடு நிமித்தமும் சேர்ந்தே பேசப்படுகிறது. இந்நூல்களைப் பொறியியல் கையேடுகள் என்று கொண்டாடுவோரும், வெறுங்கற்பனை என்று ஒதுக்குவோரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். ஓர் எண்ணைக் கண்டதும் அதைக் கட்டிப் பார்க்க வேண்டும். கட்டைகள் போதும், காசும் அதிகம் ஆகாது. கட்டிப் பார்த்தால், அந்த எண் ஓடாவியின் கையிலிருந்து வந்ததா, பட்டியலிடும் எழுத்தாணியிலிருந்து வந்ததா என்பது தெரியத் தொடங்கும். இரண்டுக்கும் வரலாற்றில் இடமுண்டு, இடங்கள் வேறு.

மூன்றாம் முறை கட்டிய கப்பல் இப்போது என் மேசையில் நிற்கிறது. நீளம் 24 செ.மீ. பக்கத்துக்குப் பதினான்கு பீரங்கி வாயில்கள். முதற்கப்பலையும் அதே போல் மீண்டும் கட்டி அருகில் வைத்திருக்கிறேன். உரையில் இரண்டையும் காட்டினேன். ‘எது அழகு?’ என்று கேட்டபோது வகுப்பில் பாதிப் பேர் குட்டைக் கப்பலையே சுட்டினர். ‘எது 1817?’ என்று கேட்டபோதுதான் எண்ணத் தொடங்கினர். அந்த எண்ணலே பாடம்.

அக்காள் மகளின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. பீரங்கித் தளத்துக்குக் கீழுள்ள தளத்தில், விட்டங்களிலிருந்து தொங்கும் துணி ஏணைகளில் உறங்கினார்கள் என்றேன். கடற்படை விதிப்படி ஓர் ஆளுக்கு ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். முறைக்காவலில் பாதிப் பேர் மேலே நின்றதால் உறங்குபவனுக்குப் பக்கத்து ஏணையின் இடமும் கிடைத்தது. அவள் உடனே அளவுகோலை எடுத்துவந்தாள். நம் கப்பலில் பதினான்கு அங்குலம் எவ்வளவு என்று இருவரும் கணக்கிட்டோம். ஒரு குமிழின் கால் பங்குக்கும் குறைவு. அவள் குமிழின் மேல் விரல் நுனியை வைத்துப் பார்த்துவிட்டு, “இவ்ளோதானா மாமா?” என்றாள். இவ்வளவுதான்.